கோட்டுக்கு மேலே

எட்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது
வீடு பார்த்தே.

செம்மண்டலத்தில் மூன்றாவது மாடி.
லிஃப்ட், கிழக்குப் பார்த்த வாசல்,
சமையலறையில் நின்றால்
கெடிலம் ஒரு நூலாகத் தெரிகிறது.
எங்கள் பங்குக்கு முந்நூற்றுப் பத்துச் சதுரடி மண்
பத்திரத்தில் உண்டு.
எங்கே என்று கேட்டால்
காட்டத்தான் யாருக்கும் தெரியாது.
எனக்குப் பிடித்திருந்தது.
சங்கச் செயலாளர் தனவேலிடம் கேட்டார்,
"வண்டி என்ன வண்டி சார்?"
ஐஸ் வண்டி.
விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகம் போகும்,
மீன் வாசனையோடு திரும்பும்.
அவர் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.
"வெளிய ரோட்டுல விட்டுக்கலாமே" என்றார்.
இவர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல்
படியில் இறங்கிப் போனார்.

நெல்லிக்குப்பம் சாலையில் மனை.
வேனில் கூட்டிப்போனார்கள்,
எலுமிச்சை சாதம் கொடுத்தார்கள்.
பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபதே நிமிஷம் என்றார்கள்,
யாருடைய இருபது நிமிஷம் என்று சொல்லவில்லை.
மஞ்சள் கல் நான்கிற்கு நடுவில் நின்று
மகள் கேட்டாள்,
"இதுல எதும்மா வீடு?"
மனைக்கு ஒரு கடன், கட்ட ஒரு கடன்,
கட்டி முடிக்கும்வரை வாடகை.
கோண்டூர் வருவதற்குள்
என் பணம் தீர்ந்துவிட்டது.

பிறகு ஆற்றுப்பக்கம் ஒரு வீடு.
மார்பளவுக்குக் கீழே புதுப் பச்சை,
மேலே பழைய வெள்ளை.
"இப்ப இதான் மேடம் ஃபேஷன்"
என்றார் தரகர் கலியமூர்த்தி.
அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
பங்குனி வெயிலிலும் சில்லென்றிருந்தது.
எதிர்வீட்டில் துணி உலர்த்திய பெண்
கலியமூர்த்தி போனுக்குத் திரும்பிய நேரம் பார்த்து
கையைத் தன் மார்புக்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அடுத்த சேலையை எடுத்துப் பிழிந்தாள்.

அதே தெருவில் நாலு வீடு தள்ளி
அருள்நேசன் வீடும் விலைக்குத்தான்.
மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர்.
அவர் சுவரில் கோடு அப்படியே இருந்தது.
கூடத்தில் தொடங்கி, படுக்கையறை வழியாக,
அடுப்பங்கரை மூலைவரை
டீக்கறை மாதிரி ஒரே மட்டத்தில்.
மேலே பென்சிலில்
கார்த்திகை 16, ராத்திரி 11.40.
சுவிட்சுகளெல்லாம் என் காதளவு உயரத்தில்.
மீட்டர் பெட்டி பரணுக்குப் பக்கத்தில்.
எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று
நான் உருகத் தொடங்கும்போது சொன்னார்,
"பெயின்டர் அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவன்
மூணு வாரமா வரலம்மா."

அன்று இரவு தூங்கவில்லை.
வெந்நீர் ஆறுவதற்குள் இவர் முடிவு பண்ணிவிட்டார்.
கேட் ஒன்பதடி, வண்டி உள்ளே நிற்கும்,
அவ்வளவுதான் அவருக்கு.
நான் மாதங்களை எண்ணினேன். இருநூற்று நாற்பது.
அதில் கார்த்திகை எத்தனை, இருபது.
அந்த இருபதில் எத்தனை என்று
எந்த மேனேஜரும் சொல்லமாட்டார்.
மூன்றாவது மாடியின் காற்று
இன்னமும் முகத்தில் இருந்தது.
அதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.

ஆனாலும் காலையில் போன் போட்டேன்.
"பெயின்டர் வந்தாலும் அடிக்காதீங்க.
அந்தக் காசைக் குறைச்சுக்குங்க."
இரண்டு லட்சம் கேட்டேன், எண்பதாயிரம் குறைந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எல்லைகளை வாசித்தார்கள்.
வடக்கே பொதுச் சந்து,
தெற்கே தெரு,
கிழக்கே ராஜாம்பாள் மனை,
மேற்கே காலி இடம்.
தரையிலிருந்து மூன்றடி எட்டங்குலத்தில் இருப்பதை
யாரும் வாசிக்கவில்லை.
கட்டைவிரல் வைத்தேன்.

குடிபோன அன்றே
ஜெராக்ஸ் பிரதியைப் பாலித்தீனில் சுற்றிப்
பரண்மேல் ஏற்றினோம்.
அசல் வங்கியில் இருக்கிறது.
வங்கி முதல் மாடியில்.